கண்மட்டமும் காட்சியும்: களச் சித்திரத்தில் தூரத்தோற்ற விதிகள்

நேரில் கண்ட ஒரு காட்சியைக் காகிதத்தில் வரைந்து, அதனைக் காணாத மற்றொருவருக்கு அனுப்புவது விஞ்ஞானப் பணியின் பழைய சாதனங்களுள் ஒன்றாகும். ஏரிக்கரையில் ஏற்பட்ட உடைப்பு, மலைச் சரிவில் காணும் மண் அரிப்பு, பாலம் கட்ட உத்தேசித்துள்ள ஓடை, பாறை அடுக்குகளின் சாய்வு ஆகியவற்றைக் களப் பணியாளர் படமாக வரைந்து காட்டும்பொழுது, பார்ப்பவர் அப்படத்தைக் கொண்டே உயரத்தையும் தூரத்தையும் மதிப்பிடுகிறார். இத்தகைய படம் அழகாயிருப்பதைவிட உண்மையாயிருப்பது முக்கியம். அந்த உண்மைக்கு ஆதாரமாயிருப்பவை பெர்ஸ்பெக்டிவ் எனச் சித்திர ஆசிரியர்கள் வழங்கும் தூரத்தோற்ற விதிகள். அவை சிலவே, கடினமானவையும் அல்ல. ஆயினும் அவற்றுள் முதலாவதை மறந்தால் ஏனையவற்றால் பயனில்லை. வரைபவரின் கண் எங்கே, எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதே அந்த முதல் விதி.

ரைசினா குன்றின் படிப்பினை

இதனை அலட்சியம் செய்தால் நேரக்கூடியதற்குப் புது தில்லியே சான்றாக நிற்கிறது. 1911இல் தலைநகரைத் தில்லிக்கு மாற்றுவதென அறிவிக்கப்பட்டபின், ரைசினா குன்றின்மேல் வைசிராயின் மாளிகையை, அதாவது இன்றைய ராஷ்டிரபதி பவனத்தை, எட்வின் லட்யன்ஸும், அதன் முன்னே இருபுறமும் அமையும் தலைமைச் செயலகக் கட்டடங்களை ஹெர்பர்ட் பேக்கரும் அமைக்க நியமிக்கப்பட்டனர். முதலில் மாளிகை மட்டுமே குன்றின் உச்சியில் இருக்கவேண்டுமென்று கருதப்பட்டது. பின்னர்ச் செயலகங்களையும் உச்சியிலேயே அமைப்பதென முடிவாகி, மாளிகை ஏறக்குறைய 400 கஜம் பின்னே தள்ளப்பட்டது. தரையின் திட்டப்படத்தில் இம்மாற்றம் எவ்விதக் குறையும் இன்றித் தோன்றியது. நேரான அகன்ற பாதை ஒன்று நேரே மாளிகையை நோக்கிச் சென்றது.

ஆனால் திட்டப்படம் வானிலிருந்து நோக்குவது. மனிதனோ தரையில் நடக்கிறான். 2022 முதல் கர்த்தவ்ய பாதை எனப் பெயர் பெற்றுள்ள அப்பாதையில் இந்தியா கேட்டிலிருந்து மேற்கே செல்பவருக்கு மாளிகை தொலைவில் தெரிகிறது. குன்றின் அடியை நெருங்க நெருங்க, அது நிலத்தினுள் அமிழ்வதுபோல் இறங்குகிறது. அடிவாரத்திலுள்ள விஜய் சவுக்கை அடையும்பொழுது தூண்களும் முகப்பும் சரிவின் விளிம்பிற்குப் பின்னே மறைந்து, குவிமாடமே எஞ்சி நிற்கிறது. சரிவு 25க்கு 1 என்பதைவிடச் செங்குத்தாயிருத்தல் கூடாது என 1914 ஜனவரியில் வகுக்கப்பட்டிருந்தும், முடிவில் அது 22க்கு 1 என்றாயிற்று. சரிவைத் திருத்தியமைக்குமாறு லட்யன்ஸ் வற்புறுத்தினார். 1916இல் அவரது வேண்டுகோள் நிராகரிக்கப்பட்டது. இரு நண்பர்களுக்கிடையே தீராத மனக்கசப்பும் மூண்டது. சரிவு வரப்போவதை லட்யன்ஸ் அறியாதவர் அல்லர். தரையில் நிற்பவரின் கண்ணுக்கு முகப்பின் எவ்வளவு பகுதி மறையும் என்பதை அவர் முழுவதும் உணரவில்லை என்றே கருதப்படுகிறது.

எவ்வளவு மறையும் என்பதை ஓர் எளிய கணக்கால் அறியலாம். 22க்கு 1 என்ற சரிவின் அடியில் தரையோடு தரையாகக் கண்ணை வைத்தால், விளிம்பைத் தொட்டுச் செல்லும் நோக்குக்கோடும் 22 அடிக்கு 1 அடி வீதம் ஏறும். விளிம்பிலிருந்து 400 கஜம், அதாவது 1,200 அடி, பின்னே ஒரு கட்டடம் இருப்பின், அங்கே அக்கோடு விளிம்பின் மட்டத்திற்கு மேல் ஏறக்குறைய 54 அடி உயர்ந்திருக்கும். அதற்குக் கீழ் உள்ளதெல்லாம் மறைவே. நிற்பவரின் கண் தரைக்கு மேல் 5 அடி இருப்பதால் மறையும் அளவு சற்றுக் குறையும். அவர் பின்னோக்கி நடந்தால் மேலும் குறையும். இதே இடத்தை 30 அடி உயரத்தில் கண்ணை வைத்து வரைந்திருந்தாலோ, மறைவின் பெரும்பகுதி படத்தில் புலப்பட்டேயிராது. படம் விதிப்படி சரியாயிருந்தும் நடப்பவனுக்குப் பொய்யாகிவிடும்.

கண்மட்டக் கோடு

எனவே காட்சியை வரையத் தொடங்குமுன் காகிதத்தின் குறுக்கே கண்மட்டக் கோட்டை வரைந்துகொள்ள வேண்டும். கடற்கரையில் கடலும் வானும் கூடும் கோடே அது. சமவெளியில் அடிவானம் அதனைக் காட்டும். மலைநாட்டிலோ அது கண்ணுக்குத் தெரியாது. எதிரே தெரியும் மலைமுகட்டின் விளிம்பையே கண்மட்டம் எனக் கொள்வது பயிற்சியற்றோர் செய்யும் பெரும்பிழை. ஒரு கண்ணாடிக் குவளையில் பாதியளவு நீர் ஊற்றிக் கண்ணெதிரே பிடிக்க வேண்டும். நீரின் மேற்பரப்பு மேலிருந்தும் கீழிருந்தும் தெரியாமல் ஒரே கோடாகத் தோன்றும்பொழுது, அதன் வழியே நோக்கினால் தெரியும் மட்டமே கண்மட்டம்.

இக்கோடு அளவுகோலாகவும் பயன்படும். சமதரையில், வரைபவரைப்போன்ற உயரமுள்ள மனிதர் எவ்வளவு தூரத்தில் நின்றாலும் அவருடைய கண்கள் இக்கோட்டின்மீதே அமையும். பாதங்கள் மட்டும் தூரத்திற்கேற்ப மேலேறும். கண்ணின் உயரம் 5 அடியாயின், 20 அடிக் கம்பம் ஒன்று அருகில் இருந்தாலும் தொலைவில் இருந்தாலும் கண்மட்டக் கோடு அதனை அடியிலிருந்து கால்பங்கு உயரத்தில் வெட்டும். இதனைத் திருப்பிப் பயன்படுத்தி, கோடு ஒரு மரத்தை ஆறில் ஒரு பங்கில் வெட்டினால் அம்மரம் 30 அடி என மதிப்பிடலாம். மரத்தின் அடியும் பார்ப்பவர் நிற்கும் இடமும் ஒரே மட்டத்தில் இருக்கவேண்டும் என்பதே நிபந்தனை. எதிர் மலையில் கண்மட்டக் கோடு தொடும் இடம் பார்ப்பவரின் கண் உள்ள உயரத்திலேயே இருப்பதாகவும் கொள்ளலாம். எனினும் மிகத் தொலைவில் புவியின் வளைவைக் கருத வேண்டும். 10 மைலில் இது ஏறக்குறைய 60 அடி வேறுபாட்டைத் தரும்.

மறைபுள்ளியும் அளவின் குறுக்கமும்

ஒன்றுக்கொன்று இணையாகவும் தரைக்குச் சமமட்டமாகவும் பின்னோக்கிச் செல்லும் கோடுகள் அனைத்தும் கண்மட்டக் கோட்டின்மேல் ஒரே புள்ளியில் கூடுவதாகத் தோன்றும். அதுவே மறைபுள்ளி. நேரான இருப்புப்பாதையின் நடுவே உள்ள காட்சியை எண்ணிப் பார்த்தால் இது விளங்கும். கண்மட்டத்திற்கு மேலுள்ள கூரை விளிம்புகள் மறைபுள்ளியை நோக்கி இறங்கும். கீழுள்ள திண்ணை விளிம்புகள் ஏறும். ஒரு வீட்டை மூலையிலிருந்து நோக்கினால் அதன் இரு சுவர்களுக்கும் இரு மறைபுள்ளிகள் உண்டு. அவை பெரும்பாலும் காகிதத்திற்கு வெளியே அமையுமாதலின், கோடுகளின் சாய்வைப் பென்சிலைச் சாய்த்துப் பிடித்து அறிந்துகொள்ளலாம்.

பொருளின் தோற்ற அளவு தூரத்திற்கு எதிர்விகிதத்தில் குறையும். 50 அடி தூரத்துக் கம்பம் படத்தில் 4 அங்குலம் எனின், அதே உயரமுள்ள கம்பம் 100 அடியில் 2 அங்குலமாகவும், 200 அடியில் 1 அங்குலமாகவும் இருக்கும். சம இடைவெளியில் நடப்பட்ட கம்பங்களின் இடைவெளியும் இவ்வாறே குறுகும். முதலிரு கம்பங்களை வரைந்தபின், முதற் கம்பத்தின் உச்சியிலிருந்து இரண்டாம் கம்பத்தின் நடுப்புள்ளி வழியாக ஒரு கோடு இழுத்தால், அது தரைக்கோட்டைத் தொடும் இடமே மூன்றாம் கம்பத்தின் அடியாகும்.

தோற்ற அளவை அறிய, கையை முழங்கை மடங்காமல் நீட்டி, ஒரு கண்ணை மூடி, பென்சிலின்மேல் கட்டைவிரலால் அளவு குறிக்கும் முறை யாவரும் அறிந்ததே. கை மடங்கினால் அளவு மாறிவிடும். பென்சிலில் கட்டிய நூலின் மறுமுனை முடிச்சைப் பற்களிடையே பற்றிக்கொண்டால் தூரம் மாறாது நிற்கும்.

வட்டமான கிணற்றின் வாய் படத்தில் நீள்வட்டமாகும். அது கண்மட்டத்தை நெருங்க நெருங்கத் தட்டையாகி, கண்மட்டத்தில் வெறுங்கோடாகிவிடும். ஆகவே கிணற்றினுள் கீழே தெரியும் உறைகளின் வட்டங்கள், மேல்வட்டத்தைவிட அகலக் குறைவாயினும் தம் அளவிற்கேற்ப உருண்டையாய்த் திறந்து தோன்றும். நீள்வட்டத்தின் இரு முனைகளையும் கூராக்குவது மாணாக்கரிடம் அடிக்கடி காணும் பிழை.

சரிவான நிலம்

களப் பணியில் மிகுந்த கவனம் வேண்டுவது சரிவே. ஏறும் பாதையின் இரு விளிம்புகளும் கண்மட்டக் கோட்டில் கூடுவதில்லை. சமமட்டப் பாதையாயின் எங்கே கூடுமோ, அதற்கு நேர் மேலே அவற்றின் மறைபுள்ளி அமையும். இறங்கும் பாதைக்கு நேர் கீழே அமையும். கண்ணிலிருந்து 22 அங்குலத் தொலைவில் படத்தைப் பிடித்து, காட்சியைப் படத்தோடு பொருத்திப் பார்த்தால், 22க்கு 1 என ஏறும் பாதையின் மறைபுள்ளி கண்மட்டத்திற்குச் சரியாக 1 அங்குலம் மேலிருக்கும். ரைசினா குன்றின் அடியில் நிற்பவருக்கு, தொலைவிலுள்ள மாளிகையின் பெரும்பகுதியை மறைப்பது ஏறக்குறைய இந்த ஓர் அங்குலமே.

சரிவில் கட்டிய வீடுகளின் கூரைகளும் படிக்கட்டுகளும் சமமட்டமானவை என்பதை மறத்தலாகாது. அவற்றின் கோடுகள் கண்மட்டக் கோட்டிற்கே செல்லும். பாதையின் சாய்வோடு வீடுகளையும் சாய்த்து வரைந்தால் காட்சி முழுவதும் கவிழ்வதுபோல் தோன்றும். அன்றியும், சரிவு எவ்வளவு என அறிய வழியே இராது. ஏனெனில் சமமட்டமான கோடு ஒன்று அருகில் இருந்தால்தான் சரிவு சரிவெனப் புலப்படும். மலைப் பகுதியில் மண் அரிப்பைப் படமாக்குபவர், அருகிலுள்ள கட்டடம், நிற்கும் மனிதர், நீர்நிலை ஆகியவற்றுள் ஒன்றையேனும் படத்தில் சேர்ப்பது இதனாலேயே அவசியமாகிறது.

காற்றும் தூசியும்

தொலைவிலுள்ள பொருள்கள் மங்கி நீலநிறம் பெறுவது இடையிலுள்ள காற்றின் விளைவு. முன்னே உள்ளவற்றை அழுத்தமாகவும், பின்னே உள்ளவற்றை மெல்லிய கோட்டாலும் வரைதல் இதனைக் காட்டும். ஆயினும் நிறத்தைக் கொண்டு தூரத்தைக் கணித்தல் தகாது. வட இந்தியச் சமவெளியில் கோடைத் தூசி ஒரு மைலில் உள்ளதைப் பத்து மைலில் உள்ளதாகக் காட்டக்கூடும். மழை ஓய்ந்த காலையில் தொலைமலைகள் அருகே வந்து நிற்பதுபோல் தோன்றும். கோடுகளின் சாட்சியமே இங்கு நம்பத்தக்கது.

வகுப்பறையில் செய்யத்தக்கவை

இவ்விதிகள் பதினைந்தாம் நூற்றாண்டில் பிளாரன்ஸ் நகரில் புருனெலெஸ்கி செய்துகாட்டிய சோதனைகளாலும், ஆல்பெர்ட்டி 1435இல் எழுதிய நூலாலும் உருப்பெற்றவை. 1786 முதல் 1793 வரை நம் நாட்டில் தங்கிப் பல காட்சிகளைத் தீட்டிய தாமஸ் டானியல், வில்லியம் டானியல் ஆகியோர் காட்சியின் நிழலைத் தாளில் வீழ்த்தும் இருட்டறைப் பெட்டியைத் துணைக்கொண்டனர். முகலாயர் அவை ஓவியர் கோட்டையின் முற்றத்தை மேலிருந்தும் மனிதரை எதிரிலிருந்தும் ஒரே படத்தில் காட்டியது அறியாமையால் அன்று. நிகழ்ச்சியை முழுவதும் எடுத்துரைப்பதே அவர்கள் நோக்கம். களச் சித்திரத்தின் நோக்கம் வேறு என்பதை ஆசிரியர் மாணாக்கருக்குத் தெளிவாக்க வேண்டும்.

விதிகளை மனப்பாடம் செய்விப்பதைவிடக் காணச் செய்வதே நலம். மாணாக்கர் ஒருவரைச் சன்னலருகே அசையாது நிறுத்தி, ஒரு கண்ணை மூடச் செய்து, வெளியே தெரியும் தெருவைச் சோப்புத் துண்டினால் கண்ணாடியின்மேல் வரையச் சொல்லலாம். கூரை விளிம்புகளை நீட்டினால் அவை கூடுமிடம் அவருடைய கண்ணின் உயரத்திலேயே இருப்பதைக் காண்பார். பிறகு தரையில் அமர்ந்து அதே தெருவை வரையட்டும். மறைபுள்ளியும் கண்ணோடு இறங்கிவிடும். பாடம் முழுவதும் இவ்விரு படங்களில் அடங்கிவிடுகிறது.

கைப்பேசியின் புகைப்படக் கருவி இன்று யாவரிடமும் இருப்பதால் வரைதல் தேவையில்லை எனக் கருதலாகாது. புகைப்படமும் இதே விதிகளுக்குக் கட்டுப்பட்டது. அகன்ற காட்சியைப் பிடிக்கும் ஆடி, அருகிலுள்ளதைப் பெரிதாகவும் தொலைவிலுள்ளதைச் சிறிதாகவும் காட்டித் தூரத்தை மிகைப்படுத்தும். மேல்நோக்கிச் சாய்த்து எடுத்த படத்தில் நேர்ச்சுவர்கள் ஒன்றையொன்று நோக்கிச் சாயும். கண்மட்டத்தை அறிந்தவரே அத்தகைய படத்தையும் பிழையின்றிப் படிக்க இயலும்.

ஆதலின், வரைந்ததாயினும் பிடித்ததாயினும், ஒவ்வொரு களப்படத்தின் கீழும் நான்கு செய்திகளைக் குறித்தல் வேண்டும்: நின்ற இடம், நோக்கிய திசை, தரையிலிருந்து கண்ணின் அல்லது கருவியின் உயரம், நாளும் நேரமும். படத்தின் குறுக்கே கண்மட்டக் கோட்டையும் மெல்லியதாக விட்டுவைக்கலாம். அவ்விடத்திற்கு ஒருபோதும் வராத ஒருவர் பின்னொரு நாள் அப்படத்தை நம்பி அணையின் உயரத்தையோ பாதையின் சரிவையோ தீர்மானிக்கக்கூடும். கட்டி முடித்தபின் குன்றை வெட்டுவதைவிட, வரையத் தொடங்குமுன் ஒரு கோடு இழுப்பது எளிது.