உங்கள் விலைப்பட்டியல் பேசுமா?

வர்த்தகர்களாகிய நம்மில் அநேகர் இன்று விலைப்பட்டியலை வட்ஸ்அப் மூலமே வாடிக்கையாளருக்கு அனுப்புகிறோம். அழகாக வடிவமைத்து, படமாக அனுப்புவதே வழக்கம். அந்தப் படம் சில வாடிக்கையாளருக்கு வெறும் வெற்றுத்தாள் என்பதை இங்கு விளக்க விரும்புகிறேன்.

2012 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி, இலங்கையில் ஏறத்தாழ 10 இலட்சம் பேர் பார்ப்பதில் ஏதோவொரு அளவில் சிரமம் உள்ளவர்கள். இவர்களில் முற்றாகப் பார்வையற்றோரும் கையடக்கத் தொலைபேசி பாவிக்கிறார்கள். எப்படி? திரையிலுள்ள எழுத்தைக் குரலில் வாசித்துக் காட்டும் மென்பொருள் உண்டு. அதற்குத் திரைவாசிப்பான் என்று பெயர். அண்ட்ரொய்ட் தொலைபேசிகளில் 'டோக்பெக்', ஐபோனில் 'வொய்ஸ் ஓவர்' என்பன இவ்வாறானவை. கணினிக்கென 'என்.வி.டி.ஏ.' என்பதை அவுஸ்திரேலியாவைச் சேர்ந்த பார்வையற்றவரான மைக்கல் கரன் 2006 இல் தொடங்கினார். அது இன்றும் இலவசம்.

எழுத்தாக வரும் செய்தியை இவை தெளிவாக வாசிக்கும். படமாக வந்தால், "படம்" என்று மட்டும் சொல்லி நின்றுவிடுவதுண்டு. சில தொலைபேசிகள் படத்திலுள்ள எழுத்தைக் கண்டுபிடிக்க முயன்றாலும், பொருளும் விலையும் இடம் மாறிவிடலாம். பருப்பின் விலையைச் சீனியின் விலையாகக் கேட்டவர் எப்படி நம்பி ஓடர் கொடுப்பார்?

எனக்குத் தெரிந்த பார்வையற்ற சிறு வியாபாரி ஒருவர், மொத்த விலையை அறிய ஒவ்வொரு தடவையும் பிறரிடம் வாசித்துத் தரும்படி கேட்க வேண்டியுள்ளது. தன் கொள்முதல் விலையை மற்றவர் அறிய வேண்டிவருவதே அவருக்குப் பெரும் கவலை. வியாபார இரகசியத்தின் பெறுமதி நமக்குத் தெரியாததல்ல.

இன்னொரு சிக்கல் எழுத்துரு. பாமினி எழுத்துருவில் 'சீனி' என்று தட்டச்சு செய்தால், கணினிக்குள் பதிவாவது ஆர், பி, டி, பி என்ற நான்கு ஆங்கில எழுத்துகளே. நம் கண்ணுக்குத் தமிழாகத் தெரிவது, திரைவாசிப்பானுக்கு அர்த்தமற்ற ஆங்கிலம். ஆகவே யுனிகோட் தமிழிலேயே தட்டச்சு செய்யும்படி பட்டியல் தயாரிப்பவரிடம் சொல்லுங்கள்.

செய்ய வேண்டியவை அதிகமில்லை. படத்தை அனுப்புங்கள், அதன் கீழ் அதே விபரத்தை எழுத்தாகவும் அனுப்புங்கள். பொருள், அளவு, விலை என்ற ஒழுங்கில், ஒரு வரிக்கு ஒரு பொருளாக இருக்கட்டும். வங்கிக் கணக்கு இலக்கத்தையும் எழுத்தாகவே கொடுங்கள். இணையத்தளம் வைத்திருப்போர், ஒவ்வொரு படத்துக்கும் ஒரு வரி விளக்கம் சேர்க்கும்படி அதனை அமைத்தவரிடம் கேளுங்கள்.

இதற்குச் செலவு எதுவுமில்லை, சில நிமிட நேரம் மட்டுமே. சந்தேகமிருந்தால் நீங்களே பரீட்சித்துப் பாருங்கள். திரைவாசிப்பானை இயக்கினால் தொலைபேசியைத் தொடும் முறையே மாறிவிடும். எனவே அதை நிறுத்தும் வழியை முதலில் அறிந்துகொள்ளுங்கள். பின்பு கண்களை மூடிக்கொண்டு, உங்கள் கடையின் பட்டியலிலிருந்து ஒரு கிலோ சீனியின் விலையைக் கண்டுபிடியுங்கள்.