அடி வாங்கினால் உரம் ஏறுமா?

முதல் அமெச்சூர் குத்துச்சண்டைப் போட்டிக்கு ரிங்கில் ஏறுபவர்களைக் கவனித்துப் பாருங்கள். மணி அடித்ததும் பாய்வார்கள். இரண்டாவது ரவுண்டின் பாதியில், தாடையைக் காக்க வேண்டிய கை நெஞ்சுக்கு இறங்கியிருக்கும், வாய் திறந்திருக்கும், கால் ஓரிடத்தில் நின்றிருக்கும். மூலையிலிருந்து கோச் "கையைத் தூக்குடா" என்று கத்துவது காதில் விழும், கை கேட்காது. பெரியவர்களுக்கு மூன்று நிமிட ரவுண்டுகள் மூன்று, இடையே ஒரு நிமிட ஓய்வு. புதியவர்களுக்கு ரவுண்டுகள் பெரும்பாலும் இதைவிடக் குறுகியவை. பத்து நிமிடம்கூட வராத இந்த வேலைக்கு, மாதக்கணக்கில் ஓடியும் ஸ்கிப்பிங் ஆடியும் தயாரான உடம்பு ஏன் இப்படிக் கைவிடுகிறது?

தசைக்கு ஆற்றல் மூன்று வழிகளில் வருகிறது. கிரியேட்டின் பாஸ்பேட் உடனடிக் கையிருப்பு. சடசடவென்று விழும் நாலைந்து குத்துகளுக்கு அதுதான் பொறுப்பு. முழுவேகத்தில் செலவழித்தால் பத்து விநாடிக்குள் தீர்ந்துவிடும். அடுத்தது, ஆக்சிஜன் இல்லாமலே சர்க்கரையை உடைத்து லாக்டேட்டை மிச்சம் வைக்கும் வழி. மூன்றாவது ஆக்சிஜன் வழி. மெதுவானது, நெடுநேரம் தாங்குவது. குத்துச்சண்டையைப் பார்க்கிறவருக்கு முதல் இரண்டு வழிகள்தான் முக்கியம் என்று தோன்றும். 2014இல் வெளியான ஓர் ஆய்வு வேறு கணக்குச் சொன்னது. முழு விசையோடு அடிக்காமல் ஆடிய, இரண்டு நிமிட ரவுண்டுகள் மூன்று கொண்ட சண்டையில், செலவான ஆற்றலில் சுமார் 77 சதவீதம் ஆக்சிஜன் வழியில் வந்திருந்தது. கிரியேட்டின் பாஸ்பேட்டின் பங்கு 19 சதவீதம், லாக்டேட் வழியின் பங்கு வெறும் 4. தீர்ந்த கிரியேட்டின் பாஸ்பேட்டைச் சண்டையின் சின்னச் சின்ன இடைவெளிகளில் மறுபடி நிரப்பித் தருவதும் ஆக்சிஜன்தான். விடிகாலையில் கோச் கடற்கரைச் சாலையில் ஓடவிடுவதன் பொருள் இதுவே. ஓடி வளர்த்த நுரையீரலும் இதயமும் இல்லாமல் இரண்டாவது ரவுண்டில் வேகம் கிடையாது. போட்டி நெருங்கும் வாரங்களில் நீண்ட ஓட்டத்தோடு, ரவுண்டின் அளவுக்கே வேகமாக உழைத்து ஒரு நிமிடம் ஓய்ந்து மறுபடி தொடங்கும் பயிற்சியும் சேர வேண்டும்.

மூச்சு தீர்வதற்கு இன்னொரு காரணம் இறுக்கம். கனடாவைச் சேர்ந்த முதுகெலும்பு ஆய்வாளர் ஸ்டூவர்ட் மெக்கில், தேர்ந்த கலப்புச் சண்டை வீரர்களின் தசைகளில் மின்முனைகளைப் பொருத்தி ஆராய்ந்து 2010இல் ஒரு கட்டுரை எழுதினார். அவர்கள் அடிக்கும்போது தசை இருமுறை சுருங்குகிறது: கிளம்பும்போது ஒருமுறை, இலக்கில் படும் கணத்தில் ஒருமுறை. நடுவே தளர்ந்துவிடுகிறது. அந்தத் தளர்ச்சியில்தான் கைக்கு வேகம் வருகிறது. புதியவரோ பயத்தில் முஷ்டியையும் தோளையும் பல்லையும் ரவுண்டு முழுக்க இறுக்கிக்கொண்டே நிற்கிறார். குத்தாத நேரத்திலும் ஆற்றல் செலவாகிக்கொண்டே இருக்கிறது.

குத்தின் விசை எங்கிருந்து பிறக்கிறது என்பதையும் அளந்திருக்கிறார்கள். 1980களில் சோவியத் ஆய்வாளர்கள் நேர்க்குத்தைப் பிரித்துப் பார்த்தபோது, உயர்நிலை வீரர்களின் விசையில் ஏறக்குறைய 38 சதவீதம் பின்காலின் உந்துதலிலிருந்து வந்தது. கீழ்நிலை வீரர்களுக்கு அது சுமார் 16 சதவீதம்தான். மீதியை இடுப்பும் கையும் சுமந்தன. கையால் மட்டும் குத்துகிறவருக்குக் கை சீக்கிரம் ஓய்வதில் வியப்பில்லை.

இதெல்லாம் பையில் குத்தியும் சாலையில் ஓடியும் சரிசெய்யக்கூடியவை. கண்ணைப் பழக்குவது அப்படியல்ல. 1969இல் அமெரிக்கப் பத்திரிகை ஒன்று குத்துச்சண்டை வீரர் முகமது அலியின் ஜாப்பை, அதாவது முன்கையால் விடும் விரைவான நேர்க்குத்தை, அளந்தது. பதினாறரை அங்குலத் தொலைவிலிருந்த பால்சாப் பலகையை அவர் 0.19 விநாடியில் உடைத்தார். அதில் கை அந்தத் தூரத்தைக் கடக்க எடுத்துக்கொண்டது 0.04 விநாடிதான். கண்ணில் பட்ட ஒன்றுக்கு விரலை அசைக்கவே மனிதருக்குக் கிட்டத்தட்ட 0.2 விநாடி ஆகிறது. அப்படியானால், கிளம்பிவிட்ட ஜாப்பைப் பார்த்துத் தலையை விலக்க யாராலும் முடியாது. தேர்ந்த வீரர் விலக்குகிறார் என்றால், கை கிளம்புமுன்பே எதிராளியின் தோள் அசைவையும் கால் எடை மாறுவதையும் படித்துவிட்டார் என்று பொருள். இந்தப் படிப்பைப் பை தராது, கோச் கையில் பிடிக்கும் பேடும் முழுதாகத் தராது. உயிருள்ள எதிராளி வேண்டும். ஸ்பாரிங் எனும் பயிற்சிச் சண்டை இல்லாமல் போட்டிக்கு அனுப்புவது பொறுப்பற்ற செயல் என்பதில் எனக்கு ஐயமே இல்லை.

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. "அடி வாங்கினால்தான் உரம் ஏறும்" என்ற நம்பிக்கை குத்துச்சண்டைக் கூடங்களில் வேரூன்றி நிற்கிறது. புதிய பையனை அனுபவசாலியோடு இறக்கி, அவன் தாக்குப்பிடிக்கிறானா என்று பார்ப்பார்கள். தாக்குப்பிடித்தால் வீரன். உடம்பின் மற்ற பாகங்களைப் பொறுத்தவரை இந்தத் தர்க்கம் பொய்யல்ல. சுமை ஏறினால் தசை தடிக்கும், எலும்பு இறுகும், இதயம் ஒரு துடிப்பில் அதிக ரத்தம் தள்ளப் பழகும். மூளை இந்தப் பட்டியலில் இல்லை. விழும் ஒவ்வோர் அடியும் அதற்கு வெறும் சேதம்தான்.

தாடையில் ஹூக் எனும் பக்கவாட்டுக் குத்து விழும்போது தலை சட்டென்று திரும்புகிறது. நீர் நிறைந்த சொம்பை வெடுக்கென்று திருகினால் சொம்பு திரும்பும், உள்ளே நீர் பின்தங்கும். மண்டைக்குள் மூளையும் அவ்வாறே பின்தங்க, நீண்ட நரம்பிழைகள் முறுக்கி இழுபடுகின்றன. ஹெட்கார்டு புருவம் கிழிவதைத் தடுக்கும். இந்தச் சுழற்சியைத் தடுக்காது. அதை அணிந்திருக்கிறோம் என்ற தைரியத்தில் முழுவிசையில் ஸ்பாரிங் செய்வது தப்புக்கணக்கு.

அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் மருத்துவராக இருந்த ஹாரிசன் மார்ட்லண்ட், குத்துச்சண்டை வீரர்களின் தள்ளாட்டத்தையும் குழறும் பேச்சையும் 1928இலேயே மருத்துவ இதழில் எழுதினார். தொழில்முறை வீரர்களுக்குத்தானே என்று சொல்ல முடியாது. 2006இல் வெளியான ஸ்வீடன் ஆய்வு ஒன்றில், 14 அமெச்சூர் வீரர்களிடம் போட்டி முடிந்த 7 முதல் 10 நாட்களுக்குள் முதுகுத்தண்டு நீரை எடுத்துச் சோதித்தார்கள். நரம்பிழை சிதைந்தால் கசியும் புரதம் உயர்ந்திருந்தது. தலையில் நிறைய அடியோ பலத்த அடியோ வாங்கியவர்களிடம் கூடுதலாக இருந்தது. மூன்று மாத ஓய்வுக்குப் பின் அளவு இறங்கியது. ஓய்வு வேலை செய்கிறது என்பதற்கும், அமெச்சூர் போட்டியே போதும் மூளையில் தடம் விழ என்பதற்கும் இது ஒருசேரச் சான்று.

அலியின் கதை இங்கே மனத்தை வருத்துகிறது. 1980இல் அவர் சென்னை நேரு விளையாட்டரங்குக்கு வந்து காட்சிப் போட்டி ஆடினார். எதிரே நின்றவர் ஜிம்மி எல்லிஸ், இளமையிலிருந்தே அவருடைய ஸ்பாரிங் கூட்டாளி. எவரும் தன்னைத் தொட முடியாதபடி ரிங்கில் நடனமாடிய அதே அலி, பென்சில்வேனியாவின் டியர் லேக் முகாமில் கயிற்றில் சாய்ந்து நின்று, கூட்டாளிகளை அடிக்க விட்டுப் பழகினார். போட்டியில் தாங்கும் சக்தி வரும் என்று நம்பினார். 1984இல், 42 வயதில், பார்க்கின்சன் நோய்க்குறிகள் அவரிடம் உறுதியாயின. அடிகளுக்கு அதில் எவ்வளவு பங்கு என்பதில் மருத்துவர்கள் வாதிட்டார்கள். ஆனால் எவராலும் தவிர்க்கக்கூடியவை முகாமில் வாங்கிய அடிகளே.

ஆகவே ஸ்பாரிங் வேண்டும், அதன் பெரும்பகுதி மென்மையாக வேண்டும். இருவரும் 16 அவுன்ஸ் கிளவுஸ் அணியட்டும். ஒரு ரவுண்டு முழுக்க ஜாப் மட்டும். அடுத்த ரவுண்டில் ஒருவர் தாக்க, மற்றவர் தற்காப்பு மட்டும். இன்னொரு ரவுண்டு உடம்பில் மட்டும். கண் பழக இது போதும். போட்டியின் பதற்றத்தை அறியச் சில கடினமான ரவுண்டுகள் தேவைதான். அவற்றை எடைக்கும் அனுபவத்துக்கும் ஈடான ஜோடியோடு, எண்ணி வைத்துக்கொள்ளுங்கள். போட்டிக்கு முந்தைய வாரம் தலைக்கு முழு ஓய்வு.

எடை குறைப்பையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அமெச்சூரில் போட்டி நாள் காலையிலேயே எடை பார்க்கிறார்கள். ரெயின்கோட் போட்டு ஓடி, தண்ணீர் குடிக்காமல் இரண்டு கிலோ இறக்கியவருக்கு இழந்த நீரைச் சரிக்கட்ட நேரமிருக்காது. முதல் போட்டியை இயல்பான எடையிலேயே ஆடுவது நல்லது.

கோச்சுகளுக்கும் பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். ஸ்பாரிங்கில் அடி வாங்கிய பிள்ளை தலைவலி, குமட்டல், கண் கூசுதல், வழக்கத்துக்கு மாறான மந்தம் என்று எதைச் சொன்னாலும் அன்றைக்கு அவரை மறுபடி ரிங்கில் ஏற்றாதீர்கள். மருத்துவரிடம் காட்டுங்கள். அவர் அனுமதிக்கும்வரை ஸ்பாரிங்கை நிறுத்துங்கள். போட்டித் தேதி அதற்குள் வந்துவிட்டால் பெயரைத் திரும்பப் பெறுங்கள். அடுத்த போட்டி சில மாதங்களில் வரும்.