காத்திருக்கும் வேளையில் மடிக்கணினியின் பாதுகாப்பு

அறுவை அரங்கினுள் நம்மவர் இருக்கையில், வெளியே காத்திருப்போரின் கண்ணும் மனமும் அக்கதவின்மீதே பதிந்திருக்கும். செவிலியர் பெயர் சொல்லி அழைத்ததும், கையிலுள்ளதை இருக்கையில் வைத்துவிட்டு எழுந்தோடுவது இயல்பு. பொருள் களவுபோவதும் பெரும்பாலும் அத்தகைய நொடியில்தான். ஆகவே, அழைப்பு வருமுன்பே சில ஏற்பாடுகளைச் செய்துகொள்வது நலம்.

மடிக்கணினி இன்றியமையாததாயின் மட்டும் கொண்டுவாருங்கள். பையின் வாரைக் கையிலோ, உங்கள் காலிலோ சுற்றிக்கொள்ளுங்கள். அருகிருப்பவரிடம் ஒப்படைத்துச் செல்லாதீர்கள். அடுத்த அழைப்பு அவருக்கே வரலாம். மின்னேற்றத்தில் விட்டு அகலாதீர்கள். கம்பிவடப் பூட்டுப் பயன்படுத்துவோர் அதனை நோயாளியின் கட்டிலிலோ, குளுக்கோஸ் நிறுத்தியிலோ பிணைத்தல் கூடாது. அவசரத்தில் அவற்றை உடனே நகர்த்த வேண்டியிருக்கும்.

கருவியை மீண்டும் வாங்கலாம். அதனுள் இருக்கும் ஸ்கேன் படங்களையும் பழைய பரிசோதனை முடிவுகளையும் கடையில் வாங்க இயலாது. அவற்றின் படியொன்றை வீட்டில் தனிச் சேமிப்பகத்தில் வைத்திருங்கள். கடவுச்சொல் மட்டும் போதாது. வட்டினைக் கழற்றி வேறு கணினியில் பொருத்தினால் கோப்புகளைப் படித்துவிடலாம். விண்டோஸில் பிட்லாக்கர், மேக்கில் ஃபைல்வால்ட் போன்ற மறையாக்க வசதியை இயக்கினால் அவ்வழி அடைபடும். அதன் மீட்புக் குறியீட்டைக் கணினியோடு வைக்காமல் வேறிடத்தில் எழுதி வையுங்கள். கணினியின் வரிசை எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள்.

களவுபோனால், உடனே காவலர் மேசையில் தெரிவியுங்கள். கண்காணிப்புக் கேமராப் பதிவுகள் சில நாள்களில் அழிந்து புதியவை பதிவாகும். ஆதலால் தாமதம் கூடாது. பின்னர்க் காவல் நிலையத்தில் வரிசை எண்ணுடன் புகார் அளித்து, ஏற்புச் சீட்டைப் பெறுங்கள். வேறொரு கருவியிலிருந்து முதலில் மின்னஞ்சலின் கடவுச்சொல்லையும், அடுத்து வங்கிக் கணக்கின் கடவுச்சொல்லையும் மாற்றுங்கள். வங்கிக் கணக்கிலிருந்து பணம் பறிபோயிருப்பின், வங்கிக்கும் 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணுக்கும் உடனே தெரிவியுங்கள்.

இவ்வேற்பாடுகளுக்கு அரை மணி நேரம் போதும். அதன்பின் உங்கள் கவனம் முழுவதும், அது உண்மையிலேயே தேவைப்படும் நோயாளியிடம் இருக்கலாம்.