முதலைப் போடுமுன் விற்றுப் பார்ப்போம்

புதிதாகத் தொழில் தொடங்குபவர் முதலில் அறிய வேண்டியது ஒன்றுதான். பாராட்டுபவர் எல்லோரும் வாங்குபவர் அல்லர்.

1999இல் அமெரிக்காவில் நிக் சுவின்மேர்ண் என்பவர் இணையத்தில் சப்பாத்து விற்க நினைத்தார். காலில் போட்டுப் பார்க்காமல் யாராவது வாங்குவார்களா? அதை அறிய அவர் களஞ்சியம் கட்டவில்லை. கடைகளில் இருந்த சப்பாத்துகளைப் படம்பிடித்து இணையத்தளத்தில் இட்டார். ஓடர் வந்ததும் அதே கடையில் முழு விலைக்கு வாங்கி அனுப்பினார். இலாபமில்லை, ஆனால் விடை கிடைத்தது. அதுவே ஸப்போஸ் நிறுவனமாக வளர்ந்து, 2009இல் அமேசானின் கைக்குப் போனது.

எங்கள் உம்மாவின் வட்டிலப்பத்தைச் சாப்பிடுபவர்கள், "விற்றால் நல்லா ஓடும்" என்பார்கள். காப்பை விற்றுக் கடை போடலாமா என்று உம்மாவும் கேட்டார். வணிகக் கல்வி படிக்கும் நான் மூன்று படிகளை எழுதிக் கொடுத்தேன்.

முதலாவது, முட்டை, தேங்காய், கித்துள் கருப்பட்டி, காஸ், உழைப்பு எல்லாவற்றையும் கூட்டி ஒரு கிண்ணத்தின் செலவைக் காண்பது. இரண்டாவது, விலையைச் சொல்லி, உறவினரல்லாதவர்களிடம் முற்பணத்துடன் 20 கிண்ணங்களுக்கு ஓடர் எடுப்பது. மூன்றாவது, வாங்கியவர்களில் எத்தனை பேர் மீண்டும் கேட்கிறார்கள் என்று பார்ப்பது. எத்தனை பேர் கேட்டால் தொடர்வது என்பதை முன்கூட்டியே குறித்துவைக்க வேண்டும். இல்லாவிட்டால் ஆசை கணக்கை மாற்றிவிடும்.

சோதனை தோற்றால் 20 கிண்ணங்களின் செலவு போகும். சோதிக்காமல் போட்ட கடை தோற்றால் வீட்டின் சேமிப்பே போகும்.