உங்களுக்குத் தெரியுமா? – ரத்தம்

புதுச்சேரி கோரிமேட்டில் இருக்கும் ஜிப்மர் மருத்துவமனை, தன் வரலாற்றை 1823இல் பிரெஞ்சு அரசு இங்கே தொடங்கிய மருத்துவப் பள்ளியிலிருந்து கணக்கிடுகிறது. சற்றுத் தள்ளி இந்திரா நகரில், கொசுவையும் அது பரப்பும் நோய்களையும் ஆராய 1975இல் தொடங்கிய விசிஆர்சி ஆராய்ச்சி மையம் இருக்கிறது. இந்த ஊர்க்காரர்கள் ரத்தத்தைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியவை ஏராளம். அவற்றில் சில இங்கே.

● உடம்பில் எவ்வளவு ரத்தம் ஓடுகிறது?
வளர்ந்தவர்களுக்கு ஒரு கிலோ எடைக்குச் சுமார் 70 மில்லி. 60 கிலோ எடையுள்ளவருக்கு 4.2 லிட்டர் வரும். அதில் பாதிக்குச் சற்று மேல் பிளாஸ்மா என்ற மஞ்சள் நிற நீர், மீதி அணுக்கள். ஒரு சிவப்பணுவின் ஆயுள் 120 நாள். பழையது அழிய அழிய, இடுப்பெலும்பு, மார்பெலும்பு, முதுகெலும்பு ஆகியவற்றின் மஜ்ஜை நொடிக்கு ஏறக்குறைய 20 லட்சம் புதிய சிவப்பணுக்களை உண்டாக்குகிறது.

● ரத்தக்குழாய் பச்சையாகவும் நீலமாகவும் தெரிகிறதே, உள்ளே ஓடும் ரத்தம் என்ன நிறம்?
எப்போதும் சிவப்புதான். பிராணவாயு நிறைந்த ரத்தம் பளிச்சென்ற சிவப்பு. பிராணவாயுவைக் கொடுத்துவிட்டுத் திரும்பும் ரத்தம் கருஞ்சிவப்பு. தோலுக்குள் புகுந்து திரும்பும் ஒளியால்தான் ரத்தக்குழாய் நீலமாகத் தோன்றுகிறது.

● யானைக்கால் நோய்க்கு ஏன் ராத்திரியில் ரத்தம் எடுத்தார்கள்?
சுகாதார ஊழியர்கள் இரவு எட்டு மணிக்கு மேல் வீடு வீடாக வந்து, விரல் நுனியில் குத்தி, கண்ணாடித் தகட்டில் ரத்தத்தைத் தடிப்பாகப் பூசி எடுத்துப் போனதைப் பெரியவர்கள் பார்த்திருப்பார்கள். காரணம் இதுதான்: யானைக்கால் புழுவின் குஞ்சுகள் பகலில் நுரையீரலின் நுண்ணிய ரத்தக்குழாய்களில் தங்கிவிடும். இரவு பத்து மணியிலிருந்து இரண்டு மணி வரைதான் தோலுக்கு அருகில் உள்ள ரத்தத்தில் அதிகமாக மிதக்கும். அவற்றைச் சுமந்து செல்லும் கியூலெக்ஸ் கொசு கடிக்கும் நேரமும் அதுவே. நிக்கோபாரின் நன்கவுரி தீவுகளில் இந்நோயைப் பரப்பும் கொசு பகலில் கடிப்பது. அங்கே குஞ்சுகளும் பகலில்தான் அதிகம் தென்படும்.

சாக்கடையும் கழிவுநீர்த் தொட்டியும் கியூலெக்ஸின் பிறப்பிடம். 1981 முதல் 1985 வரை விசிஆர்சி புதுச்சேரி நகரில் நடத்திய யானைக்கால் தடுப்புத் திட்டம், கொசு உற்பத்தியாகும் இடங்களை ஒழிப்பதையே முதல் வேலையாக எடுத்துக்கொண்டது. இன்று எந்த நேரத்திலும் ரத்தம் எடுத்துப் பார்க்கக்கூடிய சோதனைப் பட்டைகள் வந்துவிட்டன.

● பாம்புக் கடிக்கு ஒரு கண்ணாடிக் குழாய் போதுமா?
விஷம் ரத்தத்தில் ஏறிவிட்டதா என்று பார்க்க, பல நேரங்களில் அது போதும். கடிபட்டவரின் ரத்தத்தில் இரண்டு மில்லி எடுத்து, சுத்தமான, ஈரமில்லாத கண்ணாடிக் குழாயில் விடுவார்கள். பிளாஸ்டிக் கூடாது; சோப்புத்தூள் போட்டுக் கழுவிய குழாயும் கூடாது. 20 நிமிடம் அசைக்காமல் வைத்திருந்து, ஒரே ஒருமுறை சாய்த்துப் பார்ப்பார்கள். ரத்தம் உறைந்து நின்றால் சரி. தண்ணீராக ஓடினால், கண்ணாடி விரியன் அல்லது சுருட்டை விரியனின் விஷம் ரத்தத்தை உறையவைக்கும் புரதத்தைத் தின்றுவிட்டது என்று பொருள். விஷமுறிவு மருந்தை உடனே ஏற்றுவார்கள்.

நல்ல பாம்பும் கட்டுவிரியனும் நரம்பு மண்டலத்தைத் தாக்குபவை. அவை கடித்தால் ரத்தம் வழக்கம்போல உறையும். எனவே ரத்தம் உறைந்துவிட்டது என்பதற்காக யாரும் வீட்டுக்குக் கிளம்பிவிடக் கூடாது. இந்த நான்கு பாம்புகளின் விஷத்துக்கும் சேர்த்துத்தான் இந்தியாவில் விஷமுறிவு மருந்து தயாராகிறது. அதற்கு வேண்டிய விஷத்தை எடுத்துத் தருபவர்கள், மாமல்லபுரத்துக்கு அருகே வடநெம்மேலியில் 1978 முதல் கூட்டுறவுச் சங்கம் நடத்தும் இருளர்கள். பாகூரிலோ வில்லியனூரிலோ வயலில் யாருக்காவது பாம்பு கடித்தால் கட்டுப் போடாதீர்கள், கீறாதீர்கள், வாயால் உறிஞ்சாதீர்கள். கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் நேரே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்.

● ஓ குரூப் ரத்தத்தை யாருக்கு வேண்டுமானாலும் ஏற்றலாமா?
ஓ நெகட்டிவ் சிவப்பணுக்களை அவசரத்தில் ஏறக்குறைய எல்லாருக்கும் ஏற்றலாம். ஆனால் ஒரு சிலருக்கு அதுவும் ஆபத்து. 1952இல் டாக்டர் பெண்டேயும் அவருடைய சகாக்களும் பம்பாயில் கண்டுபிடித்த ‘பாம்பே குரூப்’ ரத்தம் உள்ளவர்கள்தான் அவர்கள். ஏ, பி குரூப்புகளுக்கு அடிப்படையான ‘ஹெச்’ என்ற பொருளே இவர்களின் சிவப்பணுவில் இல்லை. மேலோட்டமாகச் சோதித்தால் ஓ என்றே காட்டும். ஓ ரத்தத்தை ஏற்றினால் உடம்பு அதை எதிர்த்து அழிக்கும். இவர்களுக்கு இன்னொரு பாம்பே குரூப்காரர்தான் ரத்தம் கொடுக்க முடியும். இந்தியாவில் ஏறக்குறைய பத்தாயிரத்தில் ஒருவருக்கு இது இருப்பதாக மதிப்பிடுகிறார்கள். ரத்தம் ஏற்றும் முன் இருவர் ரத்தத்தையும் சேர்த்துப் பார்க்கும் ‘கிராஸ் மேட்ச்’ சோதனை எதற்கு என்பது இப்போது புரியும்.

● ஆட்டு ரத்தத்தை மனிதனுக்கு ஏற்றினார்களா?
ஏற்றினார்கள். பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரியில் காலூன்றிய 1674க்கு ஏழு ஆண்டு முன்னதாக, 1667இல், பாரிஸ் மருத்துவர் ழான் பாப்தீஸ்த் தெனி ஒரு சிறுவனுக்கு ஆட்டுக்குட்டியின் ரத்தத்தை ஏற்றினார். சிறுவன் பிழைத்தது அதிர்ஷ்டம். பின்னர் இன்னொரு நோயாளி இறந்து வழக்கு நடந்தது. பிரான்சில் ரத்தம் ஏற்றுவதே நின்றுபோனது. வியன்னாவில் கார்ல் லாண்ட்ஸ்டைனர் 1901இல் ரத்த குரூப்புகளை விளக்கிய பிறகுதான் வழி பிறந்தது. அவர் பிறந்த ஜூன் 14தான் உலக ரத்ததான நாள்.

● டெங்குவில் பிளேட்லெட் குறைந்தாலே ரத்தம் ஏற்ற வேண்டுமா?
வேண்டியதில்லை. சாதாரணமாக ஒன்றரை முதல் நாலரை லட்சம் இருக்கும் பிளேட்லெட், டெங்குவில் வெகுவாக இறங்கி, பெரும்பாலும் தானாகவே ஏறிவிடும். ரத்தக்கசிவு இல்லாதவருக்குப் பத்தாயிரத்துக்கு மேல் இருக்கும்வரை பொதுவாக ஏற்றுவதில்லை. நிஜமான ஆபத்து, ரத்தக்குழாயிலிருந்து பிளாஸ்மா கசிந்து வெளியேறுவது. அதுவும் காய்ச்சல் விடும் நேரத்தில்தான் நடக்கும். வயிற்றுவலி, விடாத வாந்தி, ஈறில் ரத்தம், கை கால் ஜில்லிடுவது இருந்தால் பப்பாளி இலைச் சாற்றை நம்பி வீட்டில் இருக்காதீர்கள். ஆஸ்பிரின், புரூஃபன் மாத்திரைகளைத் தொடவே கூடாது.

● பீட்ரூட் சாப்பிட்டால் ரத்தம் ஊறுமா?
பீட்ரூட்டின் சிவப்புக்கும் ரத்தத்தின் சிவப்புக்கும் சம்பந்தமில்லை. ரத்தத்துக்குச் சிவப்பு தருவது இரும்புச்சத்து உள்ள ஹீமோகுளோபின். தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி (2019–21) நம் நாட்டில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. கீரை, பயறு, கேழ்வரகு, ஈரல், மீன் எது சாப்பிட்டாலும் கூடவே எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்த்துக்கொண்டால் இரும்பு நன்றாக ஒட்டும். சாப்பிட்ட கையோடு டீ, காபி குடித்தால் அந்த இரும்பில் ஒரு பகுதி வீணாகும்.

● கொசு கடித்து எச்.ஐ.வி. வருமா?
வராது. அந்தக் கிருமி கொசுவின் வயிற்றில் செரித்துப் போகிறது. இந்தியாவில் எச்.ஐ.வி. முதலில் தெரியவந்தது 1986இல், சென்னையில். இன்று தானமாக வரும் ஒவ்வொரு யூனிட்டையும் எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை பி, சி, சிபிலிஸ், மலேரியா ஆகிய ஐந்துக்கும் சோதித்தே தருகிறார்கள்.

● ரத்தத்தை விலைக்கு வாங்கலாமா?
கூடாது. உச்ச நீதிமன்றத் தீர்ப்பின்படி, 1998 ஜனவரி 1 முதல் பணத்துக்கு ரத்தம் கொடுப்பது தடை செய்யப்பட்டது. எந்த ஆலையும் ரத்தம் செய்வதில்லை. சேமித்து வைக்கவும் காலக்கெடு உண்டு: சிவப்பணு 35 முதல் 42 நாள், பிளேட்லெட் வெறும் 5 நாள். ஒருமுறை முகாம் நடத்திவிட்டு ஆண்டு முழுக்கச் சமாளிக்க முடியாது.

● ரத்தம் கொடுத்தால் உடம்பு பலவீனமாகுமா?
ஆகாது. எடுப்பது 350 அல்லது 450 மில்லிதான். நீர்ப்பகுதி ஓரிரு நாளில் நிரம்பிவிடும். சிவப்பணுக்கள் சில வாரங்களில் ஈடாகும். 18 முதல் 65 வயது, 45 கிலோவுக்குக் குறையாத எடை, 12.5க்குக் குறையாத ஹீமோகுளோபின் உள்ள ஆரோக்கியமானவர் யாரும் கொடுக்கலாம். ஆண்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, பெண்கள் நான்கு மாதத்துக்கு ஒருமுறை. ஒரு யூனிட்டைச் சிவப்பணு, பிளேட்லெட், பிளாஸ்மா என்று பிரித்தால் மூன்று நோயாளிகளுக்கு உதவும்.

சொந்தக்காரருக்குத் தேவை வரும்வரை காத்திருக்காதீர்கள். அடுத்த பிறந்தநாளுக்கோ கல்யாண நாளுக்கோ, காலையில் நன்றாகச் சாப்பிட்டுவிட்டு, பக்கத்து ரத்த வங்கிக்கு ஒருமுறை போய் வாருங்கள்.