எடைக்குப் போகும் சரித்திரம்

பிரிட்டனின் சில நகராட்சிப் பூங்காக்களில் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் ஒரு தனி ரகத்து மனிதர்களைப் பார்க்கலாம். காதில் ஹெட்போன், கையில் நீண்ட கோல், கோலின் முனையில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஒரு வளையம். அந்த வளையத்தைத் தரையை ஒட்டி இடமும் வலமும் வீசிக்கொண்டே நடப்பார்கள். 'கீய்ங்' என்று சத்தம் கேட்டதும் மண்டியிட்டு, புல்தரையை மூடி போல வெட்டித் தூக்கிக் கீழே துழாவுவார்கள். அநேகமாக வெளியே வருவது குளிர்பான டின்னைத் திறக்கும் வளையம்தான். இல்லையென்றால் சாக்லெட் சுற்றிய ஜிகினாத் தாள். அதிர்ஷ்டம் இருந்தால், என்றோ உலாவ வந்த யாரோ தவறவிட்ட விக்டோரியா காலத்துப் பென்னி. வெட்டிய புல்லைப் பழையபடி பொருத்தி, காலால் அழுத்திவிட்டு, அடுத்த அடி.

நினைத்த பூங்காவில் நினைத்தபடி இறங்கிவிட முடியாது. பூங்கா நகராட்சியுடையது என்றால் அதன் அனுமதி வேண்டும். சில நகராட்சிகள் தருகின்றன, பல மறுக்கின்றன. ஹைட் பார்க் உள்ளிட்ட லண்டனின் அரச பூங்காக்களில் இந்த வேலைக்கே இடமில்லை. பாதுகாக்கப்பட்ட தொல்லிடங்களில் அனுமதியின்றிக் கருவியை நீட்டுவது 1979-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்.

கருவியின் சூட்சுமம் எளிது. வளையத்துக்குள் உள்ள கம்பிச் சுருள் மண்ணுக்குள் மாறிக்கொண்டேயிருக்கும் ஒரு காந்தப்புலத்தை அனுப்புகிறது. அங்கே உலோகம் இருந்தால் அதில் மின்சாரச் சுழல்கள் எழுந்து பதில் கொடுக்கும். இரும்பும் வெள்ளியும் வேறு வேறு குரலில் பதில் சொல்வதால் ஆணியையும் காசையும் ஓரளவு பிரித்தறியலாம். ஒற்றைக் காசு என்றால் ஏறக்குறைய ஒரு ஜாண் ஆழம்தான் எட்டும். தொலைபேசி புகழ் கிரகாம் பெல் 1881-இல், சுடப்பட்ட அமெரிக்க ஜனாதிபதி கார்ஃபீல்டின் உடலில் குண்டைத் தேட இத்தகைய கருவியைப் பயன்படுத்தித் தோற்றார். இரண்டாம் உலகப் போரில் கண்ணிவெடி தேடப் பயன்பட்ட சமாச்சாரம்தான் பின்னாளில் பொழுதுபோக்காகப் பூங்காவுக்கு வந்தது.

ஆனால் இந்தப் பொழுதுபோக்கை அங்கே ஒழுங்குபடுத்தி வைத்திருப்பது பணம். 1992 நவம்பரில் சஃபோக் மாவட்டத்தின் ஹாக்ஸ்ன் கிராமத்தில், ஒரு விவசாயி தொலைத்த சுத்தியலைத் தேடித் தருவதற்காக எரிக் லாஸ் என்ற ஓய்வுபெற்ற தோட்டக்காரர் கருவியுடன் வயலில் இறங்கினார். அகப்பட்டது ரோமானியர் காலத்துத் தங்கமும் வெள்ளியும். கொஞ்சம் எடுத்ததுமே விஷயத்தின் கனம் புரிந்து, தோண்டுவதை நிறுத்தித் தகவல் கொடுத்தார். மறுநாளே தொல்லியலாளர்கள் வந்தார்கள். சுமார் 15,000 காசுகள். எல்லாம் ஒரு மரப் பெட்டிக்குள் எப்படி அடுக்கப்பட்டிருந்தன என்பதுகூடத் தெரிந்தது. லாஸுக்குக் கிடைத்த வெகுமதி 17.5 லட்சம் பவுண்டு. அதை விவசாயியோடு பகிர்ந்துகொண்டார். சுத்தியலும் கிடைத்தது. அதுவும் இப்போது பிரிட்டிஷ் மியூசியத்தில்.

பிறகு வந்த 1996-ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் இந்த நடைமுறைக்கு எழுத்து வடிவம் கொடுத்தது. புதையலைக் கண்டவர் 14 நாட்களுக்குள் 'கரோனர்' என்ற விசாரணை அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும். மியூசியம் எடுத்துக்கொண்டால் சந்தை விலை கிடைக்கும். வழக்கமாகக் கண்டவருக்குப் பாதி, நில உரிமையாளருக்குப் பாதி. சாதாரணப் பொருள்களையும் தாமாகவே முன்வந்து பதிவு செய்யும் ஏற்பாடு 1997-இல் தொடங்கி, 15 லட்சம் பொருள்களைத் தாண்டிவிட்டது. திருடர்கள் இல்லாமல் போகவில்லை. ஹெர்ஃபோர்ட்ஷயரில் 2015-இல் கிடைத்த வைக்கிங் காலத்துப் புதையலை மறைத்து விற்ற இருவர் 2019-இல் சிறைக்குப் போனார்கள். சுமார் 300 காசுகள் இருந்திருக்கும் என்பது மதிப்பீடு. அந்த வழக்கின்போது மீண்டிருந்தவை 31 மட்டுமே.

இந்தியாவில் மெட்டல் டிடெக்டர் என்றால் விமான நிலையமும் கோயில் வாசலும்தான் ஞாபகத்துக்கு வரும். தோண்ட ஆசைப்பட்டால் இடத்துக்கா பஞ்சம்? டெல்லியின் லோதி தோட்டத்திலும் மெஹ்ரோலி தொல்லியல் பூங்காவிலும் காலை நடை போகிறவர்கள் சுல்தான்கள் காலத்துக் கல்லறைகளைச் சுற்றித்தான் நடக்கிறார்கள். ஆனால் பாதுகாக்கப்பட்ட இடங்களில் இஷ்டப்படி தோண்ட 1958-ஆம் ஆண்டுச் சட்டம் விடாது. விடாமலிருப்பதே நல்லது. ஜாண் ஜாணாகக் குழி விழுந்தால் எந்தக் காசு எந்த மண்ணடுக்கில் கிடந்தது என்ற தடயமே அழிந்துபோகும்.

கோளாறு வேறு இடத்தில் இருக்கிறது. ஏர் முனையிலோ கடப்பாரை முனையிலோ தற்செயலாகப் புதையலைக் கண்டவனுக்குச் சட்டம் என்ன தருகிறது? 1878-ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டப்படி, மண்ணில் புதைந்த பொருளின் மதிப்பு 10 ரூபாயைத் தாண்டினாலே கலெக்டருக்கு எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காவிட்டால் ஓராண்டு வரை சிறை. தெரிவித்தால் அறிவிப்பு வெளியாகி, உரிமை கோருவோரின் விசாரணை தொடங்கவே குறைந்தது நான்கு மாதம். புதையலை அரசு எடுத்துக்கொள்ள முடிவு செய்தால் தர வேண்டியது உலோகத்தின் மதிப்பும், அதில் ஐந்தில் ஒரு பங்கும். எந்த அரசன் காலத்தது, எவ்வளவு அபூர்வமானது என்பதற்குக் காலணா கிடையாது. குஷாணர் காலத்துச் செப்புக் காசு என்றால் பழைய பாத்திரக் கடை விலைக்குச் சற்று மேலே, அவ்வளவுதான்.

படிக்காத குடியானவனும் இந்தக் கணக்கை நொடியில் போட்டுவிடுவான். உருக்கினால் அதே தங்க விலை இன்றைக்கே கையில். கலெக்டர் ஆபீசுக்கு நடக்க வேண்டாம், போலீஸ்காரரின் சந்தேகப் பார்வையும் வேண்டாம்.

1946-இல் ராஜஸ்தானின் பயானா அருகே நடந்தது இதுதான். பரத்பூர் மகாராஜா வேட்டையாடிச் சென்றபின் காலித் தோட்டாக்களைப் பொறுக்கப் போன சிறுவர்கள் கண்ணில் ஒரு செம்புப் பாத்திரத்தின் விளிம்பு பட்டது என்று சொல்லப்படுகிறது. உள்ளே குப்தர்களின் தங்கக் காசுகள், சுமார் 2,100. செய்தி மகாராஜாவின் காதுக்கு எட்டி, ஆட்கள் வந்து மீட்டபோது மிஞ்சியவை 1,821. அந்தக் காசுகளை ஆராய்ந்து ஏ.எஸ். அல்டேகர் 1954-இல் வெளியிட்ட பட்டியல் இன்றும் குப்தர் நாணயவியலுக்கு ஆதாரம். பட்டியலில் ஏற முடியாமல் போனவற்றில் பல மூசையில் உருகியவை. அவற்றில் வேறெங்கும் கிடைக்காத வார்ப்பு ஒன்றிரண்டாவது இருந்திருக்கலாம்.

அரை நூற்றாண்டு கழித்தும் நிலைமை மாறவில்லை. 2000-இல் உத்தரப் பிரதேசத்தின் முசாஃபர்நகர் மாவட்டத்தில் மண்டி என்ற கிராமத்து வயலில் ஹரப்பா நாகரிகத்தைச் சேர்ந்த தங்க நகைகள் வெளிப்பட்டன. அந்த நாகரிகத்தின் தங்கம் அவ்வளவு மொத்தமாகக் கிடைப்பது அரிதிலும் அரிது. ஊரே திரண்டு அள்ளியது. அதிகாரிகள் வந்து கேட்டு, மிரட்டி, மீட்டது சுமார் 10 கிலோ. பட்டறைகளுக்குப் போன மீதிக்குக் கணக்கில்லை.