பழைய இரட்டைக்குழல் துவக்கும் இலகுவான விசையும்

ஆண்டுதோறும் செப்டெம்பர் 10ஆம் திகதி நோர்வேயில் 'ரீப்பெ' எனப்படும் மலைக்கோழியின் வேட்டைக்காலம் ஆரம்பமாகின்றது. அதற்கு முந்திய நாட்களில் ஒஸ்லோ மத்திய புகையிரத நிலையத்தில், நீண்ட உறைகளைத் தோளில் மாட்டி, நாயைக் கையிற் பிடித்தபடி வடக்கு நோக்கிப் புறப்படுவோரைக் காணலாம். துவக்கு என்ற சொல்லைக் கேட்டதுமே நெஞ்சம் திடுக்கிடும் எம்மவர்க்கு, இங்கு அது காற்பந்து போன்றதொரு பொழுதுபோக்காக இருப்பது தொடக்கத்தில் விளங்குவதில்லை. ஆயினும் இந்நாட்டில் வளர்ந்த எமது பிள்ளைகளிற் சிலரும், வேலைத்தலத்து நண்பர்களின் அழைப்பை ஏற்ற பெரியவர்களிற் சிலரும் இன்று வேட்டைப் பரீட்சையில் தேறி வருகின்றனர். அவர்களுக்காகவும், அவர்களை எண்ணி வீட்டிற் கவலைப்படுவோருக்காகவும் இதனை எழுத நேர்ந்தது.

ஒஸ்லோவின் கிழக்குப் பகுதியில் வாழும் நண்பர் ஒருவர் சென்ற ஆண்டு பழைய இரட்டைக்குழல் துவக்கொன்றை வாங்கினார். சுவீடனின் ஹுஸ்க்வார்னா தொழிற்சாலையில் செய்யப்பட்டது. எமது வீடுகளில் தையல் இயந்திரமாகவும் புல்வெட்டும் இயந்திரமாகவும் அறிமுகமான அதே பெயர்தான். 1689இல் அத்தொழிற்சாலை ஆரம்பிக்கப்பட்டதே ஆயுதம் செய்வதற்காக. நண்பர் முல்லைத்தீவுக் கமக்காரக் குடும்பத்தில் பிறந்தவர். தகப்பனாரின் துவக்கைத் தொட அனுமதிக்கப்படாத வயதில் ஊரை விட்டு வந்தவர். "வெண்ணெயை வெட்டுவது போலிருக்கிறது இதன் விசை" என்று பெருமையுடன் சொன்னார். அந்தப் பெருமைதான் பிழை.

முதல் நாள் சுடுபயிற்சித் திடலில், பறக்கவிடப்பட்ட களிமண் தட்டை நோக்கி வலது குழலைச் சுட்டபோது இடது குழலும் கூடவே வெடித்தது. எவருக்கும் காயமில்லை, நண்பரின் தோளில் மட்டும் ஒரு கிழமைக்குக் கன்றல் இருந்தது. பத்தடி பின்னால் அவரது பதினாறு வயது மகன் நின்றிருந்தான்.

இது ஏன் நேர்ந்தது என்பதை அறியத் துவக்கின் உள்ளே சற்றுப் பார்த்தல் வேண்டும். இவ்வகைத் துவக்குகளில் பெரும்பாலானவற்றின் பொறி, பேர்மிங்ஹாமில் வெஸ்ற்லி றிச்சட்ஸ் நிறுவனத்தைச் சேர்ந்த அன்சன், டீலி என்னும் இருவர் 1875இல் அமைத்த முறையை ஒட்டியது. குழலுக்கு ஒன்றாக இரு 'குதிரைகள்' உள்ளே மறைந்திருக்கும். பலமான வில்லொன்று குதிரையை முன்தள்ளிக்கொண்டே நிற்க, அதிலுள்ள சிறிய வெட்டொன்றில் ஒரு கொக்கியின் நுனி மாட்டி அதனைத் தடுத்து வைத்திருக்கும். விசையை இழுத்தால் கொக்கி விலகும். குதிரை பாய்ந்து தோட்டாவின் அடியைத் தாக்கும். கொக்கியும் வெட்டும் ஒன்றையொன்று பற்றும் ஆழம் நகத்தின் தடிப்பளவே. அந்த ஆழமும், அதன் சரிவும், இரு பரப்புகளின் வழவழப்பும், வில்லின் பலமுமே விசையை இழுக்கத் தேவைப்படும் பாரத்தைத் தீர்மானிக்கின்றன.

வழக்கமாக முன்விசைக்கு 1.6 முதல் 1.8 கிலோகிராமும், பின்விசைக்கு அதனிலும் சற்றுக் கூடுதலாக 2 கிலோகிராம் வரையும் வைப்பர். பின்விசை பாரமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. முதல் வெடியின் உதைப்பில் துவக்கு பின்னோக்கி அதிரும்போது, இரண்டாவது கொக்கி நழுவிவிடக் கூடாது. முன்விசையிலிருந்து வழுவிய விரல் பின்விசையில் மோதினாலும் அது உடனே இணங்கிவிடக் கூடாது.

நவீன றைபிள்களில் விசையின் பாரத்தைக் கூட்டவும் குறைக்கவும் சிறு திருகாணி உண்டு. பழைய இரட்டைக்குழலில் பெரும்பாலும் அப்படி எதுவுமில்லை. இங்கே 'சரிசெய்தல்' என்பது அந்த நுண்ணிய வெட்டை நுண்கல்லால் தேய்த்தலே ஆகும். இதில் பொல்லாத விடயம் யாதெனில், அவ்வுறுப்புகளின் மேற்பரப்பு மட்டுமே சூடேற்றிக் கடினமாக்கப்பட்டிருக்கும். உள்ளே இருப்பது மெதுவான உருக்கு. அரத்தை எடுத்தவர் அந்த மெல்லிய தோலைத் தாண்டிவிட்டால், அன்றைக்கு விசை தேனாக இனிக்கும். பின்னர் சுடச்சுட மெதுவான உருக்குத் தேய்ந்து, கொக்கி பிடிக்கும் இடமே மழுங்கிப் போகும். பழைய சொந்தக்காரரின் அரவேலை, புதிய சொந்தக்காரரின் கையில்தான் வெளிப்படும். நண்பருக்கு நேர்ந்தது இதுவே.

பாதுகாப்புப் பொத்தான் இருக்கின்றதே எனச் சிலர் ஆறுதலடைவர். பெரும்பாலான இரட்டைக்குழல்களில் அப்பொத்தான் விசைகளை மட்டுமே பூட்டுகின்றது, குதிரைகளைப் பூட்டுவதில்லை. தேய்ந்த கொக்கி ஓர் அதிர்ச்சியில், அதாவது துவக்கு பாறையில் விழும்போது, பொத்தான் பூட்டியிருக்கவும் நழுவக்கூடும். விலையுயர்ந்த துவக்குகளில் இதற்கெனவே இரண்டாவது தடுப்புக் கொக்கியொன்றை வைப்பர். ஆகவேதான் வேலியைக் கடக்கும்போதும் அருவியைத் தாண்டும்போதும் துவக்கை மடித்துத் திறந்து, தோட்டாவை வெளியே எடுக்கச் சொல்லிக் கொடுக்கின்றார்கள். குளிர்நாட்டில் கையுறையும் சேர்ந்துகொள்கின்றது. தடித்த துணிக்குள் இருக்கும் விரலுக்கு, தான் விசையைத் தொட்டுவிட்டதே தெரியாது.

வன்னியில் பன்றிக்குக் கட்டும் கட்டுத்துவக்கை அறிந்தவர்கள் உண்டு. கயிற்றில் கால் பட்டதும் வெடிக்கும் அந்தப் பொறியால் கால் இழந்த மனிதர்களும் எமது கிராமங்களில் இருந்தனர். தொட்டதும் வெடிப்பதை அங்கே எவரும் மேன்மை என்று சொன்னதில்லை.

மறுபுறம், விசை மிகக் கடினமாக இருப்பின் அதுவும் எப்போதும் பழுதன்று. பல ஆண்டுகள் அலுமாரியிற் கிடந்த துவக்கில் பழைய எண்ணெய் பிசினாக இறுகியிருக்கும். பூச்சியத்திற்குக் கீழே போகும்போது இன்னும் இறுகும். துப்புரவு செய்து குளிருக்கேற்ற மெல்லிய எண்ணெயிட்டாலே பாதிக் குறை தீர்ந்துவிடும். முதலில் கேட்க வேண்டியது துப்புரவையே.

வாங்குமுன் பார்க்கக்கூடியதை வாங்குபவரே பார்க்கலாம். துவக்கைத் திறந்து இரு குழல்களும் வெறுமையா என இருமுறை நோக்கி, போலித் தோட்டாக்களை இட்டு, மீன் நிறுக்கும் வில்தராசின் கொக்கியை விசையில் மாட்டி மெதுவாக இழுத்தால், குதிரை விழும் கணத்தில் முள் காட்டும் பாரமே அதன் அளவு. மூன்று தடவை இழுத்து மூன்றும் வெவ்வேறாக வந்தால், அல்லது ஒன்றரைக் கிலோவுக்கு மிகக் கீழே நின்றால், விலை எவ்வளவு மலிவானாலும் யோசிக்க வேண்டும். அதற்கு மேற்பட்ட வேலை 'பொர்செமாக்கர்' எனப்படும் துவக்குக் கம்மியருடையது. இணையத்தில் ஒளிப்படம் பார்த்துச் சமையலறை மேசையில் அரத்துடன் அமர்பவரைக் கண்டால் எமக்குக் கோபமே வருகின்றது.

சட்டத்தின் பக்கம் சுருக்கமாக: 2021 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்த ஆயுதச் சட்டத்தின்படியும், தனியார் ஒருவரிடமிருந்து வாங்கினாற்கூடப் பொலிசாரின் அனுமதி முன்னதாகவே பெறப்பட வேண்டும். விண்ணப்பிப்பவர் மதுவில் அளவறிந்தவர், நம்பத்தகுந்தவர் என அவர்கள் திருப்தியுற வேண்டும். வேட்டைப் பரீட்சை 1986இலிருந்து கட்டாயமானது. வீட்டிலே அங்கீகரிக்கப்பட்ட இரும்புப் பெட்டகம் தேவை.

நண்பரின் துவக்கைக் கம்மியர் பிரித்துப் பார்த்துவிட்டு, தேய்ந்த வெட்டின் மீது உருக்கை நிரப்பி, மீண்டும் வெட்டிக் கடினமாக்கலாம் என்றார். கூலி, துவக்கின் விலையை விடக் கூடுதலாக இருந்தது. மூன்று நாள் யோசித்த நண்பர் பணத்தைக் கட்டினார். திரும்பி வந்தபோது விசைக்காப்பில் நூலால் கட்டிய சிறு அட்டையொன்று தொங்கியது: வலது 1.7, இடது 1.9. அந்த அட்டையை அவர் இன்னும் பெட்டகத்தின் உட்புறத்தில் ஒட்டி வைத்திருக்கின்றார். இலையுதிர்காலத்தில் மகனோடு இரண்டு நாள் மலையிலே நடந்து, ஒரு கோழியுமின்றித் திரும்பினார்.